மனோகர் தேவதாஸும் எங்கள் மொட்டைமாடி மலையும்

மனோகர் தேவதாஸ் என்ற பெயரை மதுரை நகரத்தில் சொன்னால் ஓரளவு படித்தவர்களுக்குத் தெரியும். வத்தலக்குண்டைத் தாண்டி நம் பக்கம் வந்து தேவதானப்பட்டி, பெரியகுளம், தேனி, கம்பம் என்று கேட்டுக்கொண்டே போனால் தெரிந்தவர்கள் குறைவு. இத்தனைக்கும் 1996-97 இல் தேனி தனி மாவட்டம் ஆகும் வரை நாமும் மதுரை ஜில்லாக்காரர்கள்தான். நம் மஞ்சளாற்றுத் தண்ணீர் போய்ச் சேருவதும் அவர் வரைந்த அதே வைகையில்தான். அந்தச் சொந்தத்தில் அவரைப் பற்றிக் கொஞ்சம் எழுதலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு இன்னொரு காரணமும் உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

மனோகர் தேவதாஸ் 1936 இல் மதுரையில் பிறந்தவர். சேதுபதி உயர்நிலைப் பள்ளியிலும் அமெரிக்கன் கல்லூரியிலும் படித்தார். படித்தது வேதியியல். ஓவியக் கல்லூரி வாசலை மிதித்தவர் அல்ல. சென்னையில் பேட்டரி தயாரிக்கும் ஓல்டாம் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து நெடுங்காலம் அங்கே இருந்தார். இடையில் அமெரிக்காவில் ஓபர்லின் கல்லூரிக்குப் போய் மேல்படிப்பு படித்து வந்தார். அதாவது காலையில் சாப்பாட்டுப் பாத்திரத்தோடு வேலைக்குப் போய் மாலையில் திரும்பும் நம்மைப் போன்ற ஒரு சம்பளக்காரர். வரைந்ததெல்லாம் மிச்ச நேரத்தில்.

அப்படி வரைந்தது என்ன என்று கேட்டால், பெரும்பாலும் இடங்கள். வெள்ளைத் தாளில் கருப்பு மையால், மெல்லிய பேனா முனையில். யானைமலை, வைகைக் கரை, மீனாட்சி கோயில் கோபுரங்கள், வண்டியூர் தெப்பக்குளம், திருமலை நாயக்கர் மகால், பிறகு சென்னையின் பழைய கட்டடங்கள். 'கிரீன் வெல் இயர்ஸ்' என்று ஆங்கிலத்தில் ஒரு நாவல் எழுதினார். தான் சிறுவனாக இருந்த மதுரையை அதில் எழுத்திலும் படத்திலும் கொண்டுவந்தார். 'மல்டிபிள் ஃபேசட்ஸ் ஆஃப் மை மதுரை' என்ற இன்னொரு புத்தகத்தில் மதுரைப் படங்களைத் தொகுத்து, ஒவ்வொன்றுக்கும் குறிப்பு எழுதியிருக்கிறார். 2020 இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 2022 டிசம்பர் 7 அன்று சென்னையில் காலமானார்.

இதுவரை சொன்னது ஒரு நல்ல ஓவியரின் வாழ்க்கைக் குறிப்பு, அவ்வளவுதான். அவர் கதையில் இரண்டு விஷயங்கள் பாக்கி இருக்கின்றன.

ஒன்று, அவர் மனைவி மஹீமா. அவரும் படம் வரையத் தெரிந்தவர். 1963 இல் திருமணம். 1972 டிசம்பரில் நடந்த கார் விபத்தில் மஹீமாவுக்குத் தோளுக்குக் கீழே உடம்பு செயலிழந்துபோனது. அதற்குப் பிறகும் 35 ஆண்டுகளுக்கு மேல், 2008 வரை, அவர் இருந்தார். சக்கர நாற்காலியில் இருந்தபடியே சிரித்துக்கொண்டும், வந்தவர்களைச் சிரிக்க வைத்துக்கொண்டும் இருந்தார் என்று பழகியவர்கள் எழுதியிருக்கிறார்கள். மனைவியைக் கவனிக்கும் வேலையில் பெரும்பகுதியை மனோகர் தன் கையாலேயே செய்தார். ஆண்டுதோறும் இருவருமாகச் சேர்ந்து அவர் படங்களை வாழ்த்து அட்டைகளாக வெளியிட்டு, வந்த பணத்தை தர்ம காரியங்களுக்குக் கொடுத்தார்கள்.

இரண்டாவது விஷயம் அவர் கண். அவருக்கு இருந்தது ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்னும் விழித்திரை நோய். நம் கண்ணின் பின்திரையில் ஏறத்தாழ 12 கோடி குச்சி செல்களும், 60 லட்சம் கூம்பு செல்களும் இருக்கின்றன. குச்சி செல்கள் மங்கிய வெளிச்சத்திலும், பார்வையின் ஓரங்களிலும் பார்ப்பதற்கு. கூம்பு செல்கள் நடுவில் நெருக்கமாக இருந்து நிறத்தையும் நுணுக்கத்தையும் பார்ப்பதற்கு. இந்த நோயில் முதலில் சாவது குச்சி செல்கள். அதனால் முதலில் இரவில் தெரியாது. நம் ஊரில் மாலைக்கண் என்போமே, அந்த மாதிரி. ஆனால் அந்த மாலைக்கண் வைட்டமின் ஏ கொடுத்தால் சரியாகும், இது சரியாகாது. பிறகு பார்வை ஓரத்திலிருந்து உள்நோக்கிச் சுருங்கும். கடைசியில் ஒரு குழாய் வழியாகப் பார்ப்பதுபோல் நடுவில் ஒரு சின்ன வட்டம் மட்டும் மிஞ்சும். பிறகு அதுவும் போகும். தேவதாஸுக்கு அப்படித்தான் போனது. கடைசி ஆண்டுகளில் முழு இருட்டு.

இப்படிச் சுருங்கிக்கொண்டிருந்த கண்ணோடுதான் அவர் பல பத்தாண்டுகள் வரைந்தார். கூடக்கூட அதிக சக்தி உள்ள கண்ணாடி, அதிக வெளிச்சம், இன்னும் நிதானம்.

நான் ஓய்வு பெற்ற டிராயிங் வாத்தியார். கிராமத்துப் பள்ளிகளில் 30 வருஷத்துக்கு மேல் சாக்பீஸால் கிளியும் குடமும் போட்டுக் காட்டியவன். லோயர், ஹையர் என்று அரசுத் தொழில்நுட்பத் தேர்வுகளுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்து அனுப்பியவன். அதனால் ஒரு படத்தைப் பார்த்தால் கை எப்படிப் போயிருக்கிறது என்றுதான் முதலில் பார்ப்பேன். தேவதாஸ் படத்தை முதலில் பார்த்தது மதுரையில், என்னோடு வேலை பார்த்த ஆசிரியர் வீட்டில். யாரோ அனுப்பிய வாழ்த்து அட்டை. அவர் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் அதைச் சொருகி வைத்திருந்தார். வரைந்தவருக்குக் கண் நோய் இருப்பதை அவர்தான் சொன்னார்.

நுணுக்கம் எனக்கு ஆச்சரியமாக இல்லை. நடுப் பார்வை மிஞ்சியிருப்பவர், தாளைக் கண்ணருகே வைத்து நுணுக்கமாக வரைய முடியும். பொற்கொல்லர் நகையில் பொடிப்பூ வைப்பது போல. எனக்குப் பிடிபடாதது அகலம். இயற்கைக் காட்சி என்றால் அகலம்தானே? இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை மலை, முன்னால் வயல், நடுவில் மரக்கூட்டம், மேலே வானம். எல்லாம் ஒன்றுக்கொன்று அளவாக உட்கார வேண்டும். எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததும், நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்ததும், 'முதலில் முழுசாகப் பார், அப்புறம் பகுதியைப் பார்' என்பதுதான். முழுசாகப் பார்க்கவே முடியாத ஒருவர் யானைமலையை இத்தனை சரியாகக் கிடத்தியிருக்கிறாரே, எப்படி?

இந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்தது ஓவியப் புத்தகத்தில் அல்ல, கண் ஆஸ்பத்திரியில்.

மூன்று வருஷத்துக்கு முன், புதுக் கண்ணாடிக்கு அளவு எடுக்கப் போன இடத்தில் கண் அழுத்தம் அதிகம் என்றார்கள். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் கிளாக்கோமா. நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கிற நோய். அதற்கு ஒரு பரிசோதனை உண்டு. இந்த வயதில் உங்களில் சிலரும் அதைப் பார்த்திருப்பீர்கள். வெள்ளைக் கிண்ணம் போன்ற ஒரு மெஷினுக்குள் முகத்தை வைத்து, நடுவில் இருக்கும் புள்ளியையே பார்க்க வேண்டும். சுற்றிலும் எங்கெங்கோ சின்னச் சின்ன வெளிச்சம் மின்னி மறையும். தெரிந்தால் கையில் இருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். "ஐயா, கண்ணை அங்கிட்டு இங்கிட்டு உருட்டாதீங்க, நடுவுலயே பாருங்க" என்று அந்தப் பெண் பத்துத் தடவை சொன்னது. மலையைப் பார்த்து வளர்ந்தவனிடம் ஒரே புள்ளியைப் பார் என்றால் எப்படி?

முடிவைத் தாளில் அச்சிட்டுக் கொடுத்தார்கள். தெரிகிற இடம் வெள்ளை, தெரியாத இடம் கருப்பு, நடுநிலை சாம்பல். இடது கண்ணுக்கான தாளில் மூக்குப் பக்கம், மேலே, ஒரு கருப்புச் சரிவு. மலையடிவாரத்தில் சாயங்காலம் நிழல் இறங்குமே, அதே வடிவம். நான் டாக்டரிடம் கேட்டேன்: "அந்த இடத்தில் எனக்குக் கருப்பாக எதுவும் தெரியவில்லையே, எல்லாம் நன்றாகத்தானே இருக்கிறது?"

டாக்டர் இளம்பெண், பொறுமைசாலி. "தெரியாதுங்கய்யா. ஓட்டை விழுந்த இடத்தை மூளை சுத்தி இருக்கிறத வச்சு நிரப்பிடும். அதனாலதான் இந்த நோய் ரொம்ப நாள் தெரியாமலே இருக்கு" என்றது. பிறகு என் கையை நீட்டச் சொல்லி, கட்டை விரலை நிமிர்த்தச் சொன்னது. "நல்ல கண்ணுக்கே தெளிவாத் தெரியறது இந்த நகத்தளவுதாங்கய்யா. மத்ததெல்லாம் கலங்கல்தான். கண்ணு ஓடிக்கிட்டே இருக்கும், மூளை அதை ஒட்டி ஒட்டிக் காட்டும். நாம முழுசாப் பார்க்கிறதா நெனைச்சுக்கிறோம்."

வீட்டுக்கு வரும் பஸ்ஸில் இதையே யோசித்துக்கொண்டு வந்தேன். வத்தலக்குண்டு தாண்டியதும் வலப்பக்கம் மலை ஆரம்பிக்கிறது. கையை நீட்டிக் கட்டை விரல் நகத்தை மலைமேல் வைத்துப் பார்த்தேன். பக்கத்து சீட்டுக்காரர் நான் யாருக்கோ ஜாடை காட்டுகிறேன் என்று நினைத்திருப்பார். ஒரு நகத்துக்கு ஒரு மடக்குதான் அகப்பட்டது. அப்படியானால் தேவதாஸ் பார்த்ததும் இப்படித்தான். நாம் நகத்தளவு பார்த்து, மிச்சத்தைப் பார்த்ததாக நினைத்துக்கொள்கிறோம். அவருக்கு அப்படி நினைத்துக்கொள்ளும் வசதி போய்விட்டது. ஒவ்வொரு துண்டையும் தானே போய்ப் பார்த்து, நினைவில் வைத்து, அடுத்ததோடு இணைத்தாக வேண்டும். ஆக அந்த அகலம் கண்ணிலிருந்து வந்ததல்ல. திரும்பத் திரும்பப் பார்த்ததிலிருந்து வந்தது. சின்ன வயதில் பார்வை நன்றாக இருந்தபோது நடந்து நடந்து பார்த்த ஊர் என்பதும் கைகொடுத்திருக்கும்.

இந்த வழியில் இதே நாட்டில் அவருக்கு முன்னோடி ஒருவர் உண்டு. வங்காளத்தில் பினோத் பிஹாரி முகர்ஜி. 1904 இல் பிறந்தவர். சிறுவயது முதலே ஒரு கண்ணில் பார்வை கிடையாது, மறு கண்ணில் கடுமையான கிட்டப்பார்வை. பள்ளிக்கூடங்கள் சரிப்படாமல் சாந்திநிகேதனுக்கு வந்து, அங்கே கலா பவனில் நந்தலால் போஸிடம் படித்தார், பிறகு அங்கேயே ஆசிரியரானார். சாந்திநிகேதனைச் சுற்றி இருப்பது வறண்ட செம்மண் காடு. மழைத் தண்ணீர் அரித்த ஓடைப் பள்ளங்கள், அங்கங்கே ஒற்றைப் பனை. அதை அவர் அளவுக்கு வரைந்தவர்கள் குறைவு. தெய்வங்களையும் புராணங்களையும் வரைந்துகொண்டிருந்தவர்கள் நடுவில், கண்முன் இருக்கும் பொட்டல் நிலமே போதும் என்று உட்கார்ந்தவர். நவீன இந்திய ஓவியத்தில் இயற்கைக் காட்சிக்கு ஒரு தனி இடம் வாங்கித் தந்தவர்களில் அவர் முக்கியமானவர்.

அவர் அதை எப்படி வரைந்தார் என்பதுதான் நமக்கு வேண்டியது. சீனா, ஜப்பான் பக்கத்துச் சுருள் ஓவிய முறையை எடுத்துக்கொண்டார். பாய் சுருட்டுவதுபோல் சுருட்டி வைத்த நீளமான தாள். பார்ப்பவர் அதை முழுக்க விரிப்பதில்லை. ஒரு கை நீளம் விரித்துப் பார்ப்பார், பார்த்த பக்கத்தைச் சுருட்டிக்கொண்டே அடுத்ததை விரிப்பார். வழிநடைப் பயணம்போல. பார்வை குறைந்த மனிதருக்கு இதைவிடப் பொருத்தமான முறை ஏது? 1946-47 இல் அங்கே ஹிந்தி பவன் சுவர்களில் இடைக்கால பக்தர்களின் வாழ்க்கையைப் பெரிய சுவரோவியமாக வரைந்தார். முழு அளவு மாதிரிப் படம் போட்டுப் பிரதி எடுக்காமல், நேராக ஈரச் சுவரில். அருகில் போனால்தான் தெரியும் என்ற கண்ணோடு, மூன்று சுவர். 1950-களின் பிற்பகுதியில் கண் அறுவைச் சிகிச்சைக்குப் பின் பார்வை முழுக்கப் போய்விட்டது. அதற்குப் பிறகும் காகிதம் வெட்டி ஒட்டிப் படம் செய்தார், பாடம் நடத்தினார். அவர் மாணவரான சத்யஜித் ரே 1972 இல் அவரைப் பற்றி 'தி இன்னர் ஐ' என்று ஒரு ஆவணப்படம் எடுத்தார். முகர்ஜி 1980 இல் காலமானார்.

வெளிநாட்டில் மோனே கதை பலருக்குத் தெரியும். கண்புரையோடு தன் தோட்டத்துக் குளத்து அல்லியை வரைந்துகொண்டே இருந்து, 1923 இல் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு, 1926 இல் இறக்கும் வரை விடாதவர். மூன்று பேரையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று புரிகிறது. மூவரும் புதுப்புது இடம் தேடி அலைந்து இதைச் செய்யவில்லை. ஒருவருக்கு மதுரை, ஒருவருக்கு சாந்திநிகேதன், ஒருவருக்கு வீட்டுத் தோட்டம். தெரிந்த இடத்தையே திரும்பத் திரும்பப் பார்த்தார்கள்.

இப்போது என் காரணத்துக்கு வருகிறேன்.

எங்கள் கெங்குவார்பட்டி வீட்டு மொட்டைமாடியில் நின்றால் வடக்கே கொடைக்கானல் மலை சுவர்போல நிற்கும். ஊரில் யாரும் அதை நின்று பார்ப்பதில்லை. மேலே மேகம் கறுத்தால் துணி எடுக்க ஓடுவோம். பங்குனி, சித்திரையில் சரிவில் காட்டுத்தீ இரவில் சிவப்புக் கோடாக நெளிந்தால் 'எங்கிட்டு எரியுது' என்று கேட்போம். மற்றபடி அது பாட்டுக்கு இருக்கும், நாம் பாட்டுக்கு இருப்போம். கிளாக்கோமாவில் போன பார்வை திரும்பாது, சொட்டு மருந்து மிச்சத்தைக் காப்பாற்றுவதற்குத்தான் என்று டாக்டர் சொன்ன பிறகு எனக்கு இந்த மலை ஞாபகமாகவே இருந்தது. பேத்தி முகம், செய்தித்தாள், மாத்திரை அட்டை எல்லாம் நடுப் பார்வையில் வந்துவிடும். கடைசி வரை சமாளிக்கலாம். ஓரம் போனால் முதலில் போவது மலைதான். அதை நான் சரியாகப் பார்த்திருக்கிறேனா என்று என்னையே கேட்டால், கண்ணை மூடிக்கொண்டு அதன் மேல்விளிம்பைக் காற்றில் வரைய முடியவில்லை. 70 வருஷம் அதன் காலடியில் இருந்திருக்கிறேன்.

ஆகவே துண்டு துண்டாக வரைய ஆரம்பித்தேன். முறையைச் சொல்கிறேன், யாருக்காவது உதவும். பழைய காலண்டர் அட்டையில் 3 அங்குல நீளம், 2 அங்குல உயரத்துக்கு ஒரு ஜன்னல் வெட்டிக்கொண்டேன். கையை முழுக்க நீட்டி அதைப் பிடித்தால் மலையில் ஒரு பகுதி மட்டும் தெரியும். அஞ்சலட்டை அளவு தாளில் அதை வரைய வேண்டியது. அடுத்த தாள் தொடங்கும்போது முந்தியதில் வலது ஓரத்தில் வந்த ஒரு அடையாளத்தை இதில் இடது ஓரத்தில் வைக்க வேண்டும். ஒரு தென்னை உச்சி, ஒரு பாறை, தண்ணீர்த் தொட்டி மூலை, ஏதாவது. மட்டம் மாறாமல் இருக்க, கைப்பிடிச் சுவரின் இரண்டு முனையிலும் செங்கல் வைத்து நூல் கட்டியிருக்கிறேன். நூலுக்கு மேலே எத்தனை பென்சில் உயரத்தில் விளிம்பு வருகிறது என்று அளந்து புள்ளி வைத்துக்கொள்வது. நிற்கும் இடம் நகரக்கூடாது என்று தரையில் சாக்பீஸால் பாதம் வரைந்து வைத்திருக்கிறேன். பேத்தி அதில் ஏறி நின்று, "தாத்தா, நான் நின்னா சுவருதான் தெரியுது" என்கிறாள். மொத்தம் 14 தாள் வரும் என்று கணக்கு.

காலை 7 மணியிலிருந்து 8 வரைதான் வேலை. அதற்குப் பிறகு வெயில் ஏறி மலை வெளிறிப்போகும். கீழேயிருந்து, "எறங்கி வர்றீங்களா, இல்ல காப்பிய மாடிக்கே அனுப்பவா" என்று குரலும் வந்துவிடும். ஒரு தாளுக்கு மூன்று வாரம் ஆகிறது. முதலில் பென்சில், பிறகு கருப்பு மை. தேவதாஸ் மாதிரி புள்ளியும் கோடுமாகப் போட எனக்குக் கை வராது. நான் சாதாரணமாகச் சாய்கோடு போட்டு நிழல் கொடுக்கிறேன். ஆனாலும் மூன்று வாரம் ஒரே மடக்கைப் பார்ப்பது என்றால் என்ன என்று இப்போதுதான் தெரிகிறது. நான்காவது தாளில் வரும் மொட்டைப் பாறை காலையில் இரண்டு பாறை, எட்டு மணிக்கு ஒரே பாறை. ஆறாவது தாளில் மலைப்பாதையின் ஒரு வளைவு. பகலில் அது இருப்பதே தெரியாது. இரவு எட்டு மணிக்கு மேலே போகும் பஸ்ஸின் விளக்கு அந்த இடத்தில் ஒரு விநாடி நம்மைப் பார்த்துத் திரும்பும். அதை வைத்து இடத்தைக் குறித்துக்கொண்டு காலையில் தேடிப் பிடித்தேன்.

ஏழாவது தாளில் ஒரு பள்ளத்தாக்கு. எப்போதும் அங்கே ஒரு புகைமூட்டம் அடைந்திருக்கும். என் கண்ணா, பனியா என்று தெரியவில்லை. பக்கத்துத் தெருவில் ஒரு அண்ணன் இருக்கிறார், என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். இளவயதில் மலைமாடு மேய்க்க மேலே போனவர். மாடிக்குக் கூட்டி வந்து காட்டினேன்.

"அண்ணே, அந்த எடம் உங்களுக்குத் தெளிவாத் தெரியுதா?"

"எனக்கு மலையே தெரியல வாத்தியாரே, புரை வளந்து கெடக்கு" என்றார். பிறகு கண்ணைச் சுருக்கிக்கொண்டு கையை மட்டும் நீட்டி, "ஆனா அங்கிட்டு ஒரு சுனை இருக்கும். கோடையிலயும் வத்தாது. அதுக்குக் கெழக்க ஒத்தையடிப் பாதை. மாடு தானாப் போயிரும், நாமதான் பாத்துக் கால வைக்கணும். பாறையில ரெண்டு எடத்துல படி மாதிரி இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே போனார். விரல் ஒவ்வொரு இடமாக நகர்ந்தது. அவர் விரல் போன வழியையும் என் தாளையும் பார்த்தேன். விளிம்பு சரியாகப் பொருந்தியது. மலையே தெரியாதவர் மலையைக் காட்டினார்.

சுனையைப் படத்தில் போடவில்லை. என் கண்ணுக்குத் தெரிந்ததை மட்டும் போடுவது என்று ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறேன். தாளின் பின்பக்கம் அவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே எழுதி, தேதி போட்டு வைத்தேன். தேவதாஸும் படத்தோடு குறிப்பு எழுதியது இதற்காகத்தான் இருக்கும். படத்தில் வராதது சிலது உண்டு.

இதுவரை முடிந்த தாள்களைத் தரையில் வரிசையாக வைத்துப் பார்த்தபோது இன்னொன்று கவனித்தேன். முதல் தாளில் தையின் பனி. மூன்றாவதில் மாசியில் சருகாகிப்போன சரிவு. ஐந்தாவதில் தீ எரிந்து கறுத்த பட்டை. எட்டாவதில் மழை பெய்து துளிர்த்த பச்சை, கருப்பு மையில் அது நெருக்கமான புள்ளிகளாக வந்திருக்கிறது. ஒரே மலையின் விளிம்பு இடமிருந்து வலம் போகிறது, கூடவே மாதமும் போகிறது. போட்டோவில் இது வராது. போட்டோ ஒரு நொடி. தேவதாஸ் வரைந்த மதுரையிலும் வருஷக்கணக்கு இப்படித்தான் படிந்திருக்கிறது. வைகையில் தண்ணீர் ஓடியதும் கரையில் மரங்கள் நின்றதும், பார்வை போனவரின் படங்களில் பத்திரமாக இருக்கின்றன. முழுப் பார்வையோடு இருந்த நாம் எத்தனை பேர் அதைக் குறித்து வைத்தோம்?

நம் பள்ளத்தாக்கிலும் மாற்றம் வேகமாக நடக்கிறது. சாலை அகலமாகிறது, வயல் மனையாகிறது, மாந்தோப்பு நடுவே கட்டடம் எழும்புகிறது. தடுக்க நம்மால் ஆகாது, எல்லாமே தப்பு என்றும் சொல்ல மாட்டேன். ஆனால் இங்கே என்ன இருந்தது என்று தெரிந்தவர்கள் நம் வயதுக்காரர்கள்தான். படம் வரைய வேண்டும் என்பதில்லை. உங்கள் வீட்டு மாடியிலிருந்து, அல்லது திண்ணையிலிருந்து தெரிவதை இடமிருந்து வலமாக எழுதி வைத்தாலும் போதும். இந்த இடத்தில் கிணறு, இந்த இடத்தில் இலவமரம், அதற்கு அப்பால் இன்னார் களம் என்று. பேரப்பிள்ளைகள் இன்று கேட்க மாட்டார்கள். ஒருநாள் கேட்பார்கள்.

கண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. 40 வயதைத் தாண்டியவர்கள், முக்கியமாக வீட்டில் யாருக்காவது கிளாக்கோமா இருந்தால், வருஷம் ஒருமுறை கண் அழுத்தமும் நரம்பும் பார்த்துக்கொள்ளுங்கள். வலிக்காது, சிவக்காது, தெரியாது. மூளை அவ்வளவு சாமர்த்தியமாக ஒட்டுப் போட்டுவிடுகிறது. புரைக்கு அறுவை செய்தால் பார்வை திரும்பும், இதில் போனது போனதுதான். என்னோடு மாடிக்கு வந்த அண்ணனைப் புரை அறுவைக்குச் சம்மதிக்க வைத்திருக்கிறோம். அடுத்த மாதம் தேதி கொடுத்திருக்கிறார்கள்.

எனக்குச் சொட்டு மருந்து இரவு ஒன்பதுக்கு ஒன்று, காலையில் ஒன்று. கடைசிப் பரிசோதனையில் கருப்பு அப்படியே நிற்கிறது, நகரவில்லை என்றார்கள். ஒன்பதாவது தாள் பாதியில் இருக்கிறது. பத்தாவதில் ஒரு நீண்ட செங்குத்துப் பாறை வருகிறது. மழைக்காலத்தில் அதில் தண்ணீர் வெள்ளைக் கோடாக இறங்கும், இப்போது காய்ந்து கிடக்கிறது. ஐப்பசி வரை காத்திருந்து வரையலாம் என்று அதை விட்டுவிட்டு, பதினொன்றாவதற்கு ஜன்னல் அட்டையை நகர்த்தி வைத்திருக்கிறேன்.